கையில குறையில்லை: கிட்டார் மெட்டுகளின் ஐந்நூறு வருசக் கதை

"உனக்குச் சுருதி ஞானமே இல்லடா." கிட்டார் பழகத் தொடங்கும் தோட்டத்துப் பிள்ளைகள் பலரும் வாங்கிக்கட்டிக்கொள்கிற முதல் தீர்ப்பு இது. இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்து லயங்களில் ஒரு கிட்டார் ஒருத்தரோடு மட்டும் நிற்பது குறைவு. கொழும்புக்குக் கடை வேலைக்குப் போன அண்ணன் வாங்கி வந்தது தம்பியிடம் வரும், பிறகு அடுத்த காம்பராவுக்குப் போகும், கடைசியில் சேர்ச் பாட்டுக் குழுவிலோ திருவிழா மேடையிலோ போய் நிற்கும். அதைக் கையில் எடுக்கிற ஒவ்வொருத்தரும் ஒரே வில்லங்கத்தில் மாட்டுவார்கள். போனில் டியூனரைப் போட்டு ஆறு கம்பியையும் பச்சை எரியும்வரை சேர்த்தாச்சு. ஜி மேஜர் அடிச்சா நல்லாத்தான் இருக்கு. ஈ மேஜருக்கு மாறினதும் மூன்றாம் கம்பி புளிக்குது. சரியென்று அந்தக் கம்பியைக் கொஞ்சம் இறக்கினால் ஈ மேஜர் இனிக்கும், ஜி மேஜர் கெட்டுப்போகும். நாலு நாள் இப்படி மாரடித்துவிட்டு, "நமக்கெல்லாம் இது சரிவராது" என்று கிட்டாரைச் சுவரில் சாத்தியவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர்.

நாங்கள் சொல்ல வருவது இதுதான்: அந்தப் புளிப்பைக் கேட்க முடிந்த காது நல்ல காது. பிழை பெரும்பாலும் கிட்டாரில் இருக்கிறது. அதுவும் ஒரு கடைக்காரனோ ஒரு கம்பனியோ செய்த பிழை மட்டுமல்ல. ஐந்நூறு வருசமாக உலகம் முழுக்க மனிதர்கள் மல்லுக்கட்டி வருகிற ஒரு பழைய கணக்கு அது. மல்லுக்கட்டியவர்களில் இத்தாலியரும் ஆங்கிலேயரும் இருக்கிறார்கள். விஜயநகரத்துப் பண்டிதரும், தஞ்சாவூர் வீணை செய்கிற ஆசாரிகளும், நம்ம காரைதீவு விபுலானந்த அடிகளும் இருக்கிறார்கள்.

கணக்கு ஒன்று, கம்பி இன்னொன்று

முதலில் பெயர்கள். கிட்டாரின் கழுத்தில் குறுக்காகப் போகிற உலோகக் கம்பிகளை நாம் ஃபிரெட் என்கிறோம். வீணைக்காரர்கள் அதை மெட்டு என்பார்கள். நாங்களும் இங்கே மெட்டு என்றே எழுதுகிறோம். தலைப்பக்கம் கம்பிகள் தவாளிப்பில் உட்கார்ந்து வருகிற வெள்ளைத் துண்டு நட். கீழே பிரிட்ஜில் கம்பி ஏறி நிற்கிற துண்டு சேடல். திறந்த கம்பி அதிர்வது நட்டுக்கும் சேடலுக்கும் நடுவில்.

கம்பியின் நீளத்தைப் பாதியாக்கினால் சுரம் ஒரு ஸ்தாயி ஏறும். அந்த ஸ்தாயியைச் சமமான 12 படிகளாக வெட்டுவதுதான் கிட்டாரின் ஏற்பாடு. இதற்குத் தொழிற்சாலைகள் பாவிக்கிற எண் 17.817. கம்பி நீளத்தை இதால் வகுத்தால் நட்டிலிருந்து முதல் மெட்டு எவ்வளவு தூரம் என்று வரும். 650 மில்லிமீற்றர் கிட்டாரில் அது கிட்டத்தட்ட 36.5 மில்லிமீற்றர். மிச்ச நீளத்தைத் திரும்ப வகுத்தால் அடுத்த மெட்டு. இப்படியே போனால் 12-ஆவது மெட்டு சரியாக 325-இல் வந்து விழும். தாளில் பார்த்தால் ஒரு பிழையும் இல்லை.

ஆனா தாளில் இருக்கிற கம்பிக்குத் தடிப்பு இல்லை, விறைப்பு இல்லை. கையில் இருக்கிற கம்பிக்கு இரண்டும் உண்டு. விரலால் அமத்தும்போது கம்பி கீழே இறங்கி மெட்டைத் தொடுகிறது. இறங்கும்போது கொஞ்சம் இழுபடுகிறது. இழுபட்ட கம்பி சுருதி ஏறும். தடித்த கம்பி என்றால் அதன் இரு முனைகளும் லேசில் வளையாது. அதனால் உண்மையில் அதிர்கிற பாகம் நாம் அளந்த நீளத்தை விடக் குறைவு. இதுவும் சுருதியை ஏற்றும். ஆக, கணக்குப்படி அச்சொட்டாக மெட்டு அடித்த கிட்டாரில், அமத்துகிற ஒவ்வொரு சுரமும் கொஞ்சம் கூடித்தான் ஒலிக்கும்.

எவ்வளவு கூடும் என்பதைச் சொல்ல ஓர் அளவு தேவை. பக்கத்துப் பக்கத்து இரண்டு மெட்டுகளுக்கு இடையிலுள்ள தூரத்தை 100 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு சென்ட். போன் டியூனரில் முள் இடம் வலமாக ஆடுவது இந்த அளவில்தான்.

இதோடு இன்னொரு சிக்கலும் சேருகிறது. சமமாக 12 படி வெட்டுவதே ஒரு சமரசம். இயற்கையான விகிதத்தில், அதாவது 5:4 என்ற கணக்கில் வருகிற காந்தாரம், ஷட்ஜத்திலிருந்து சுமார் 386 சென்ட் தள்ளி இருக்கும். கிட்டார் மெட்டு அதை 400-இல் வைக்கிறது. ஈ மேஜரில் மூன்றாம் கம்பியின் முதல் மெட்டில் நாம் அமத்துவது அந்தக் காந்தாரத்தைத்தான். ஏற்கெனவே 14 சென்ட் கூடி நிற்கிற சுரம், அமத்தும்போது இன்னும் சில சென்ட் ஏறினால் புளிக்காமல் என்ன செய்யும்?

18-ஆல் வகுத்த தந்தை

ஐரோப்பாவில் கிட்டாருக்கு முன்னால் லூட் என்ற வாத்தியம் பெரிய இடத்தில் இருந்தது. அதன் மெட்டுகள் ஆட்டுக் குடலால் திரித்த நரம்பு. கழுத்தைச் சுற்றிக் கட்டி வைத்திருப்பார்கள். சரியில்லை என்றால் விரலால் தள்ளலாம்.

1581-இல் வின்சென்சோ கலிலேய் என்ற லூட் கலைஞர் ஒரு நூலில் சுலபமான ஒரு வழியை எழுதினார்: நீளத்தை 18-ஆல் வகு, அங்கே முதல் மெட்டு, மிச்சத்தைத் திரும்ப 18-ஆல் வகு, அங்கே இரண்டாவது. இவர் தொலைநோக்கியால் வானத்தைப் பார்த்த கலிலியோவின் அப்பா. அதே காலத்தில், 1584-இல், சீனாவில் மிங் அரசகுலத்து இளவரசர் சூ சாய்யூ ஸ்தாயியைச் சமமாக 12 ஆக்குகிற எண்ணை நுட்பமாகக் கணித்து எழுதியிருந்தார். அந்த நுட்பத்தோடு ஒப்பிட்டால் கலிலேயின் 18 ஒரு நாட்டுக் கணக்கு. 650 மில்லிமீற்றர் கம்பியில் அவர் வழிப்படி 12 தடவை வகுத்தால் மிஞ்சுவது 325 இல்லை, கிட்டத்தட்ட 327.4. அதாவது 12-ஆவது மெட்டு ஏறத்தாழ 2.4 மில்லிமீற்றர் தலைப்பக்கமாக நிற்கும், சுரம் சுமார் 12 சென்ட் குறையும்.

கணக்கு வாத்தியார் இதைப் பிழை என்று சிவப்புப் பேனாவால் சுழிப்பார். ஆனால் வாத்தியத்தில் நடப்பது வேறு. அமத்தும்போது கம்பி ஏறத்தான் போகிறது. மெட்டு கொஞ்சம் முன்னால் நிற்பதால் அந்த ஏற்றம் ஓரளவு ஈடாகிவிடும். இன்றைக்கு கிட்டார் செய்கிறவர்கள் சேடலை இரண்டு, மூன்று மில்லிமீற்றர் பின்னுக்குத் தள்ளி வைப்பதும் இந்த ஏற்றத்தை ஈடுகட்டத்தான். 400 வருசத்துக்கு முந்திய "பிழையான" எண்ணும், இன்றைய திருத்தமும் கிட்டத்தட்ட ஒரே அளவில் வந்து சந்திக்கின்றன.

மெழுகில் நட்ட மெட்டு

நம்ம பக்கத்தில் இந்தக் கேள்வி இன்னும் முன்னாலேயே எழுந்துவிட்டது. விஜயநகரத்தில் 1550-இல் ராமாமாத்தியர் எழுதிய 'சுவரமேளகளாநிதி' வீணையில் எந்தக் கம்பிக்கு எந்த மெட்டு எந்தச் சுரம் தரும் என்று வரிசையாகச் சொல்கிறது. அவர் காலத்தில் இரண்டு விதமான வீணைகள் பேச்சில் இருந்தன. ஒன்று, இராகத்துக்கு இராகம் மெட்டை நகர்த்துகிற வீணை. மற்றது, எல்லா இராகத்துக்கும் ஒரே நிலையான மெட்டுகள் உள்ள வீணை. இரண்டாவதில் ஓர் இடைஞ்சல் உண்டு. ஒரு மெட்டு எல்லாக் கம்பிக்கும் குறுக்காக நேரே போகிறது. ஒரு கம்பிக்குச் சரியான இடம் பக்கத்துக் கம்பிக்கு இம்மியளவு பிசகும். ஈ மேஜருக்கும் ஜி மேஜருக்கும் நடுவில் நாம் மாட்டிக்கொள்கிற அதே இடம்.

24 மெட்டுள்ள தஞ்சாவூர் வீணையை இரகுநாத நாயக்கர் காலத்தோடு, அதாவது 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு, சேர்த்துச் சொல்வது வழக்கம். அந்த வீணையில் எங்களுக்குப் பிடித்த விசயம் மெட்டுகள் நிற்கிற இடம். அவை மரத்தில் அறையப்படுவதில்லை. தேன்மெழுகும் கரியும் சேர்த்துச் செய்த கறுப்பு மெழுகுத் தளத்தில் பதிக்கப்படுகின்றன. கம்பியைக் கட்டி, சுருதி சேர்த்து, ஒவ்வொரு மெட்டாக அமத்திக் கேட்டு, கேட்டபடி நகர்த்தி, பிறகு மெழுகில் இறுக்குவார்கள். இதற்கு மேளம் கட்டுவது என்று பெயர். மெழுகு இளகினால், சுரம் விலகினால் திரும்பவும் கட்டுவார்கள்.

இதில் ஒளிந்திருக்கிற கெட்டித்தனத்தைக் கவனியுங்கள். ஆசாரி கேட்பது அமத்தின கம்பியின் சுரத்தை. இழுபடுவதால் வந்த ஏற்றம், தடிப்பால் வந்த ஏற்றம், அந்த மரம், அந்தக் கம்பி எல்லாம் அந்த ஒலிக்குள் ஏற்கெனவே சேர்ந்திருக்கின்றன. மெட்டை எங்கே வைத்தால் காதுக்குச் சரியோ அங்கே வைக்கும்போது ஈடுகட்டும் வேலையும் முடிந்துவிடுகிறது. நவீன கிட்டார் செய்கிறவர்கள் கணினி வைத்துத் தேடுகிற ஒன்றை மேளம் கட்டுகிறவர் மெழுகாலும் காதாலும் செய்து வந்திருக்கிறார்.

பண்டிதரும் அடிகளாரும்

இந்த ஸ்தாயியை எத்தனையாக வெட்டுவது என்பதில் 20-ஆம் நூற்றாண்டில் தமிழர்களுக்குள்ளேயே பெரிய வாதம் நடந்தது. தஞ்சாவூரில் சித்த வைத்தியராக இருந்த ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெரும் நூலை வெளியிட்டார். 22 சுருதி என்று வழிவழியாகச் சொல்லி வருவது பிழை, ஸ்தாயியைச் சமமாக 24 ஆகப் பிரிப்பதே தமிழிசையின் வழி என்பது அவர் கட்சி. அதற்கு முதல் வருசம், 1916-இல், பரோடாவில் கூடிய அகில இந்திய இசை மாநாட்டுக்குப் போய், தன் மகள்களோடு வீணையில் அதை நிறுவிக் காட்ட முயன்றார்.

மறுபக்கம் விபுலானந்த அடிகள். மட்டக்களப்புப் பிரதேசத்துக் காரைதீவில் 1892-இல் பிறந்தவர், விஞ்ஞானம் படித்துப் படிப்பித்தவர், 1943-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் யாழாசிரியனைப் பற்றி வருகிற அடிகளைப் பிடித்துக்கொண்டு, பழைய யாழ்களின் சுரங்களைக் கணிதத்தால் மீட்டெடுக்க நீண்ட காலம் உழைத்தார். அந்த 'யாழ் நூல்' 1947 ஜூனில் தமிழ்நாட்டின் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் காலமானார். அவருடைய கணக்கு 22 அலகுகளில், இயற்கை விகிதங்களில் நடக்கிறது.

யாருடைய எண் சரி என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் ஆளில்லை. ஆனால் கிட்டார் வைத்திருக்கிற ஒருவருக்கு இந்த வாதம் பாடப்புத்தகச் சமாச்சாரம் இல்லை. பண்டிதர் சொன்ன சமப் பிரிவு போன்றதுதான் நம் கிட்டாரின் கழுத்தில் அறைந்திருக்கிறது. அடிகளார் கணக்கிட்ட விகிதங்களைப் போன்றதையே நம் காது ஒரு கோர்டுக்குள் தேடுகிறது. புளிப்பு இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பிறக்கிறது.

யாழுக்கு இந்தத் தொல்லை இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். யாழில் ஒரு சுரத்துக்கு ஒரு நரம்பு. அமத்துவதில்லை, மெட்டும் இல்லை. மெட்டு வந்தபோது ஒரே கம்பியில் பல சுரம் எடுக்க முடிந்தது. அந்த வசதிக்குக் கொடுத்த விலைதான் இந்தச் சின்னச் சின்னப் பிசகல்கள்.

அறைந்த மெட்டும் நகர்கிற சேடலும்

ஐரோப்பிய கிட்டாரில் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து கட்டின மெட்டுகள் போய், அறைந்த மெட்டுகள் நிலைத்தன. வாத்தியம் உறுதியாச்சு, பெருமளவில் செய்யவும் முடிஞ்சுது. ஆனால் பிழை வந்தால் தள்ளித் திருத்துகிற வழி அடைபட்டுப் போனது. 1829-இல் தோமஸ் பெரோனெட் தோம்சன் என்ற ஆங்கிலேயர், மெட்டுகளைப் பிடுங்கி வேறு துளைகளில் செருகக்கூடிய ஒரு கிட்டாரை வடிவமைத்து, லண்டனில் லூயி பனோர்மோவைக் கொண்டு செய்வித்தார். விகிதப்படி சுத்தமான சுரம் வரும். ஆனால் சுருதி மாறும்போதெல்லாம் மெட்டைப் பிடுங்கி நடவேண்டும். அது பரவவில்லை.

பிறகு உருக்குக் கம்பி வந்தது. உருக்கு லேசில் இழுபடாது; கொஞ்சம் இழுத்தாலே சுருதி எகிறும். எலக்ட்ரிக் கிட்டார் காலத்தில் சிக்கலை மறைக்க முடியவில்லை. ஃபெண்டர் 1950-இல் கொண்டுவந்த கிட்டாரில் இரண்டு கம்பிக்கு ஒன்றாக மூன்று சேடல்கள். 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் ஆறு கம்பிக்கும் தனித்தனி. அதே வருசம் கிப்சனும் தன் லெஸ் போல் கஸ்டம் கிட்டாரில் கம்பிக்குக் கம்பி நகர்த்தக்கூடிய பிரிட்ஜைப் போட்டது. மெட்டு நகராது, அப்ப கம்பியின் கடைசி முனையை நகர்த்துவோம் என்பது யோசனை.

இது பாதி மருந்துதான். 650 மில்லிமீற்றர் கம்பியில் சேடலை 2.4 மில்லிமீற்றர் பின்னுக்குத் தள்ளித் திறந்த கம்பியைத் திரும்பச் சேர்த்தால், 12-ஆவது மெட்டுச் சுரம் 6 சென்ட்டுக்கு மேல் இறங்கும். முதல் மெட்டிலோ அரை சென்ட்கூட இறங்காது. பிள்ளைகள் வாசிக்கிற கோர்டெல்லாம் முதல் மூன்று மெட்டுக்குள். அங்கே சேடலின் கை எட்டாது.

எட்டுவது நட்டின் கை. நட்டின் முன்விளிம்பை ஒரு மில்லிமீற்றர் முதல் மெட்டுப் பக்கம் கொண்டுவந்து கம்பியைத் திரும்பச் சேர்த்தால், அமத்துகிற எல்லாச் சுரமும் ஒரே அளவாக, கிட்டத்தட்ட 2.7 சென்ட், இறங்கும். 1990-களில் அமெரிக்காவில் பஸ் ஃபெய்டன் என்ற கிட்டார் கலைஞர் நட்டை நகர்த்துகிற முறைக்குக் காப்புரிமை எடுத்தார். அதே பத்தாண்டில் கிரெக் பையர்ஸ் என்பவர் கிளாசிக்கல் கிட்டாரில் ஒவ்வொரு கம்பிக்கும் நட்டில் எவ்வளவு, சேடலில் எவ்வளவு என்று கணக்குப் போட்டு எழுதினார். சுவீடனில் ஆன்டர்ஸ் திடெல் மெட்டையே வளைத்து நெளித்து, கம்பிக்குக் கம்பி வேறு இடத்தில் தொடுகிற மாதிரி ஆக்கினார். மெழுகில் சுலபமாக நடந்த ஒன்றை உலோகத்தில் திரும்பப் பெற இத்தனை பாடு.

இங்கே, இந்த ஈரத்தில்

கிட்டார் இலங்கைக்குப் புதிசில்லை. போர்த்துக்கேயர் காலத் தொடர்ச்சியான கஃபிரிஞ்ஞாவும் பைலாவும், ஹப்புத்தளையில் பிறந்த கிளாரன்ஸ் விஜேவர்தனவின் எலக்ட்ரிக் கிட்டாரும், நித்தி கனகரத்தினத்தின் தமிழ்ப் பொப் பாட்டும் இந்த மண்ணில் அதை வேரூன்ற வைத்தன. ஆனால் சப்ரகமுவவின் தோட்டங்களுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் மலிவு கிட்டார். மலிவு கிட்டாரில் முதலில் கைவிடப்படுவது நட். தவாளிப்பை ஆழமாக வெட்ட நேரமும் கைத்திறனும் வேண்டும். அதனால் மேலோட்டமாக வெட்டி விட்டுவிடுகிறார்கள். கம்பி உயரத்தில் நிற்கும். முதல் மெட்டில் அமத்தக் கூடுதலாக இழுபடும், சுருதி எகிறும், விரலும் நோகும்.

இதுக்கு மேல நம்ம மழை. இரத்தினபுரி இலங்கையின் ஆக ஈரமான பகுதிகளில் ஒன்று. மரம் ஈரத்தைக் குடித்து ஊதினால் கிட்டாரின் முகம் மேலெழும்பும், கம்பி இன்னும் உயரும். துருப்பிடித்த பழைய கம்பி சீராக அதிராது, எந்த மெட்டிலும் உண்மை பேசாது.

செய்யக்கூடியது நிறைய இருக்கு. புதுக் கம்பி போடுங்கள். ஒவ்வொரு கம்பியையும் மூன்றாவது மெட்டில் அமத்திக்கொண்டு, முதல் மெட்டுக்கு மேலே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். மயிரிழை அளவு இருந்தால் போதும். தாராளமாக வெளிச்சம் தெரிந்தால் நட்டின் தவாளிப்பை மெல்லிய அரத்தால், கொஞ்சம் கொஞ்சமாக, தலைப்பக்கம் சரிவாக ராவ வேண்டும். கூடிப்போனால் கம்பி இரையும். அதனால் ரெண்டு இழுப்பு, ஒருக்கா சோதனை. பிறகு 12-ஆவது மெட்டில் லேசாகத் தொட்டு எழுப்புகிற ஓசையையும், அதே இடத்தில் அமத்தி எழுப்புகிற சுரத்தையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அமத்தினது கூடினால் சேடலில் கம்பி தொடுகிற விளிம்பைப் பின்னுக்குக் கொண்டுபோக வேண்டும். இவ்வளவும் செய்தும் முதல் மெட்டுகள் ஏறியே நின்றால்தான் நட்டின் விளிம்பை முன்னுக்குக் கொண்டுவருகிற வேலை. ஒரு எலும்புத் துண்டும் பொறுமையும் போதும். அளவு பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றருக்குள்.

இது நமக்குப் பழக்கமில்லாத புத்தியும் இல்லை. தப்பு அடிக்கிறவர்கள் மழைக்காலத்தில் தோல் தொய்ந்தால் என்ன செய்கிறார்கள்? தீ மூட்டி, தப்பைக் காட்டி, தட்டிப் பார்த்து, திரும்பக் காட்டி, சத்தம் ஏறினதும்தான் அடிக்கத் தொடங்குகிறார்கள். தொய்ந்த தப்பைக் கொடுத்துவிட்டு "உனக்கு அடிக்கத் தெரியலை" என்று யாரும் சொல்வதில்லை. வாத்தியத்தைச் சரிப்படுத்துவது வாசிப்பின் முதல் பாதி என்று எங்கள் பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது. கிட்டார் என்று வந்ததும் மட்டும், கடையிலிருந்து வந்த பொருள் சரியாகத்தான் இருக்கும், குறை நம்மிடம்தான் என்று ஏன் நினைக்கிறோம்? தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்த நினைப்பு கிட்டாரோடு மட்டும் நிற்பதில்லை. பாடசாலையிலும் கந்தோரிலும் இதே நினைப்போடுதான் தலையைக் குனிகிறோம்.

எந்தக் கிட்டாரும் முழுச் சுத்தமாகச் சுருதி சேராது, கோடி ரூபாய்க் கிட்டாரும்தான். எவ்வளவு கிட்டக் கொண்டுவரலாம் என்பதுதான் வேலை. உங்கள் லயத்தில் சுவரில் சாய்ந்து நிற்கிற ஒன்று இருந்தால், அதை விற்கவோ வீசவோ முன், மூன்றாவது மெட்டில் ஒருக்கா அமத்திப் பாருங்கள்.